பாப்கார்னா, பாபிளா, பஃப்பா: எதை முதலில் கற்கலாம்?

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பாம்பன் கரையில் நிற்கும், எங்கள் வீட்டில் கைக்கு வேலை குறையும். இந்த வருஷம் அந்த நாட்களில் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், மேடு மேடாக எழும்புகிற பாப்கார்ன், பாபிள், பஃப் தையல்கள் மூன்றையும் ஒரே காட்டன் நூலில், ஒரே 3.5 மி.மீ. ஊசியில் போட்டுப் பார்த்தேன். படத்தில் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும், கையில் எடுத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்க முறையில் டபுள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டிரெபிள் என்பார்கள். பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்கச் சிங்கிள், அது அதைவிடக் குட்டைத் தையல். இது தெரியாமல் ஒரு வாரம் குட்டைத் தையலில் பாபிள் போட்டேன், மேடு எழும்பவே இல்லை. கீழே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள்.

பாபிளில் ஒரே துளையில் ஐந்து டபுள் குரோஷா போட வேண்டும், ஆனால் எதையும் முடிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் கடைசிக் கண்ணியும் (நூல் வளையமும்) ஊசியிலேயே இருக்கும், ஏற்கெனவே இருந்ததோடு மொத்தம் ஆறு கண்ணி சேர்ந்ததும் நூலைச் சுற்றி ஒரே இழுப்பு. மதினி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏத்தா, இழுக்கிறதுக்கு முன்னாடி கண்ணிய எண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வலை பொத்திப் பழகிய கண் அது. மேடு பின்பக்கமாகத்தான் தள்ளும், அதனால் துணியின் பின்புற வரிசையில் போட வேண்டும். இரண்டு பக்கமும் சிங்கிள் குரோஷா வைத்தால் நன்றாக எழும்பும்.

பாப்கார்னில் ஐந்தையும் முழுசாக முடித்துவிட்டு, ஊசியைக் கழற்றி, முதல் தையலின் தலையில் குத்தி, விட்ட கண்ணியைப் பிடித்து இழுக்க வேண்டும். வரிசைக்கு இருபது பாப்கார்ன் என்றால் இருபது முறை ஊசியைக் கழற்றி மாட்ட வேண்டும், அது பொறுமையைச் சோதிக்கும். நூலும் மூன்றிலும் இதற்குத்தான் அதிகம் போகிறது. ஆனால் நிமிர்ந்து நிற்பதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் நாலு தடவை அலசிய பிறகும், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உருண்டையாகத்தான் இருந்தது. பாபிள் கொஞ்சம் அமுங்கியிருந்தது, விரலால் பின்னாலிருந்து தள்ளினால் சரியாகிவிடும்.

பஃப் மெத்தென்று அழகாகத்தான் இருக்கும். நூலைச் சுற்றி, குத்தி, நீளமாக இழுத்து, இப்படி நாலு தடவை செய்தால், தடவைக்கு இரண்டாக, ஏற்கெனவே இருந்ததோடு ஊசியில் ஒன்பது கண்ணி. காட்டன் நூலுக்கு இழுவை கிடையாது, மே மாதப் புழுக்கத்தில் விரல் பிசுபிசுக்க ஒன்பதையும் ஒன்றாக இழுப்பது பெரும்பாடு. அப்புறம் அந்த நீளக் கண்ணிகள் வளையலில் மாட்டும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாபிளைப் பிடியுங்கள். ஊசியைக் கழற்ற வேண்டாம், தப்பு நடந்தால் கண்ணியை எண்ணினாலே தெரிந்துவிடும். கைப்பைக்கு பாப்கார்ன். பஃப்பைக் கழுத்துத் துணி மாதிரி அதிகம் உரசாத பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைத் தொப்பிக்கு மட்டும் அது வேண்டாம், பிஞ்சு விரல் அந்தக் கண்ணிக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.