ப்ரோகர்வ் சுவிட்ச்சில் வெப் லாகின்: காலேஜ் லேபுக்குத் தாராளமாகப் போடலாம்

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். லேபில் சொந்த லேப்டாப்பைக் கேபிளில் செருகும் மாணவர்கள் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார்கள். கேபிளைச் செருகும்போதே ஆளைச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் முறை என்றால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் செட்டிங் மாற்ற வேண்டும், அதற்கு யாருக்குப் பொறுமை? கையில் இருந்த பழைய எச்பி ப்ரோகர்வ் சுவிட்ச்சிலேயே, பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே விடும் வெப் லாகினைப் போட்டுவிட்டேன்.

வேலை செய்யும் விதம் ரொம்பப் பிடித்திருக்கிறது. கேபிளைச் செருகியதும் சுவிட்ச்சே 192.168.0 வரிசையில் தற்காலிக ஐபி கொடுக்கிறது. அதன் ஆயுள் 10 விநாடிதான். பிரவுசரில் லாகின் பக்கம் வரும். பெயரும் பாஸ்வேர்டும், அவற்றைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வருக்கு 1812 போர்ட்டில் போய், சரி என்று பதில் வந்தால் சுவிட்ச் வழிவிடும். தற்காலிக ஐபி சட்டென்று காலாவதியாவதால், லேப்டாப் உடனே நிஜ ஐபியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான யோசனை!

வெப் லாகின் என்றாலே ஒரு தொல்லை உண்டு: முதலில் எச்டிடிபிஎஸ் தளத்தைத் திறந்தால் லாகின் பக்கத்துக்குப் பதில் சான்றிதழ் எச்சரிக்கை வந்து நிற்கும். அதனால் சாதாரண எச்டிடிபி முகவரி ஒன்றை லேப் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிரிண்டருக்கு ஏது பிரவுசர்? பிரிண்டர் செருகிய சுவிட்ச் போர்ட்டுகளுக்கு மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) சோதனை போதும்.

அப்புறம், ரேடியஸ் சர்வர் படுத்தால் புதிதாக ஒருவரும் உள்ளே வர முடியாது. வேலூர் வெயில் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியுமா? சர்வருக்கு நல்ல யூபிஎஸ் வாங்கிவிட்டு இதில் இறங்குங்கள்.