1968 ஜிடிஓவின் 400 இன்ஜின்: அடையாளம் கண்ட சந்தோஷமும் பின் சீல் தந்த எரிச்சலும்

என் 1968 போண்டியாக் ஜிடிஓவின் இன்ஜினை மறுபடியும் இறக்கி, எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் பின்பக்க மெயின் சீலை மாற்றி, வண்டி வீடு வந்து சேர்ந்த வாரத்தில்தான் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, 68 ஜிடிஓ ஒண்ணு விலையைக் குறைச்சிருக்காங்க. ஒரிஜினல் 400 கன அங்குல இன்ஜின்னு போட்டிருக்கு. நம்பி வாங்கலாமா?" அப்போது இருந்த கோபத்தில் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். காரணத்தைச் சொல்லாமல் வைத்தது நியாயமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காரைத் தேடுகிறவர்களுக்கு என்டூரா பம்பரைப் பற்றியோ அந்த வருடம் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை கொடுத்த விருதைப் பற்றியோ நான் சொல்லத் தேவையில்லை. என்னுடையது ஹார்ட்டாப், டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், மிச்சிகனில் போண்டியாக் நகரத் தொழிற்சாலையிலேயே செய்தது. அந்த வருடம் மட்டும் 87,684 ஜிடிஓக்கள் செய்தார்கள். ஆக இது கிடைக்காத வண்டி இல்லை. தன்னுடைய சொந்த இன்ஜினோடு கிடைப்பதுதான் கடினம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இன்ஜின் ஒரு தடவையாவது கை மாறியிருக்கும். விற்கிறவருக்கே பல சமயம் அது தெரியாது.

போண்டியாக் வி8-ஐ வெளியே பார்த்து எடை போட முடியாது. செவ்ரலே என்றால் ஸ்மால் பிளாக், பிக் பிளாக் இரண்டையும் பத்தடி தள்ளி நின்றே பிரித்துவிடலாம். இங்கே 326, 350, 389, 400, 455 எல்லாவற்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. போண்டியாக்கின் இன்னொரு மாடலான லீ மான்ஸில் இருந்து சாதாரண 350-ஐக் கழற்றி ஜிடிஓவில் மாட்டி, ஏர் கிளீனர் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை, அளந்தால் போதும் என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். 455-ஐ அப்படிப் பிடித்துவிடலாம், அதன் ஸ்ட்ரோக் 4.21 அங்குலம். ஆனால் 326, 350, 389, 400 நான்குக்கும் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம்தான். மாறுவது சிலிண்டரின் விட்டம் மட்டுமே. 350-க்கு சுமார் 3.88, 400-க்கு 4.12. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றாமல் அதை அளக்க வழியில்லை. மக்கள் ஏமாறுகிற இடம் பெரும்பாலும் இந்த 350-தான்.

ஆகவே எழுத்தையும் எண்ணையும்தான் நம்ப வேண்டும், அதிலும் ஒன்றை மட்டும் தனியாக நம்பக் கூடாது. பயணி பக்கத்தில், ஹெட்டுக்குக் கீழே, பிளாக்கின் முன்முகத்தில் இரண்டு எழுத்து குத்தியிருக்கும். என்னுடையதில் 'ஒய்எஸ்'. விற்றவர் அதைக் காட்டி, "இதோ பாருங்க, 400, நாலு பேரல் கார்ப்பரேட்டர், ஆட்டோமேட்டிக்" என்றார். சொன்னது சரிதான். ஆனால் அதே ஒய்எஸ் 1967-லும் உண்டு, 1969-லும் உண்டு, 1971-லும் உண்டு. 1968-இல் அந்த எழுத்துக்கு 350 குதிரைத்திறன், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம்) 10.75. 1971-இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனை இறக்கிவிட்டதால் அதே எழுத்துக்கு 300. எழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால், 1968 என்று நினைத்து 1971-ஐ வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

அடுத்து பிளாக்கின் பின்பக்கம். எட்டாம் சிலிண்டருக்குப் பின்னால் வார்ப்பு எண், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வார்த்த தேதி. ஓர் எழுத்து மாதத்துக்கு, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். அந்த ஒற்றை இலக்கம்தான் வம்பு. 8 என்றால் 1968-ஆகவும் இருக்கலாம், 1978-ஆகவும் இருக்கலாம். வார்ப்பு எண் 9790071 என்று இருந்ததால் என்னுடையது அறுபதுகளின் பிளாக் என்று முடிவானது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலின் தகட்டில் பாடி கட்டிய மாதமும் வாரமும் இருக்கும். பிளாக் வார்த்த தேதி அதற்குச் சில வாரங்கள் முந்தி இருக்க வேண்டும். பிந்தி இருந்தால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை, இன்ஜின் வேறு வண்டியுடையது. போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் கட்டணம் கட்டினால் அந்த வண்டியின் பழைய பில் நகல் வரும், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று அதில் இருக்கும். வண்டி என்னவாகப் பிறந்தது என்பதற்கு அது சாட்சி. இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது எது என்பதை பிளாக்தான் சொல்ல வேண்டும்.

கடைசிச் சாட்சி பிளாக்கின் முன்பக்கத்தில், டைமிங் கவர் ஓரத்தில். 1968 முதல் வண்டி எண்ணின் ஒரு பகுதியை பிளாக்கிலேயே குத்தினார்கள்: போண்டியாக்குக்கு 2, வருடத்துக்கு 8, ஆலைக்கு பி, பிறகு ஆறு இலக்கம். என் வண்டியில் அந்த இடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் யாரோ அடித்த கறுப்புப் பெயின்ட். பிரேக் கிளீனரும் பித்தளை பிரஷுமாகத் தேய்க்கத் தேய்க்க முதலில் கறுப்பு போனது, அடியில் அறுபதுகளின் வெளிர்நீல உலோகப் பூச்சு வந்தது, அப்புறம் இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. டாஷ்போர்டில் இருக்கும் எண்ணோடு கடைசி இலக்கம் வரை பொருந்தியது. இந்த வண்டியால் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. இன்றைக்குச் சீல் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தச் சாயங்காலத்தைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஹெட்டுகளின் கதை வேறு. 1968 ஜிடிஓவின் சாதாரண 400-க்கு 16 என்று எண் போட்ட ஹெட் இருக்க வேண்டும். என்னுடையதில் நடு எக்ஸாஸ்ட் துளைகளுக்கு மேலே '6எக்ஸ்' என்று இருந்தது, அது எழுபதுகளின் பின்பாதி ஹெட். தனியாக ஒரு சிறு மேட்டில் 4 என்றும் குத்தியிருந்தது. பழைய 16-இன் எரிஅறை சுமார் 72 சிசி, இதனுடையது சுமார் 93. முன்னால் வைத்திருந்த யாரோ கம்ப்ரஷனைக் குறைக்கவே மாற்றியிருக்கிறார். முதலில் எனக்கு வருத்தம்தான், ஒரு ஜோடி 16-ஐ வாங்கிப் பூட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பிறகு யோசித்தேன். 10.75 கம்ப்ரஷன் என்பது ஈயம் கலந்த பழைய பிரீமியம் பெட்ரோலை நம்பிச் செய்தது. இன்றைக்கு பங்க்கில் கிடைக்கும் 93 ஆக்டேனில் அந்த இரும்பு ஹெட்டோடு இன்ஜின் தட்டும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்துச் சத்தம் போடும், தீப்பொறியின் நேரத்தைப் பின்னால் தள்ளி ஓட்ட வேண்டும், தள்ளினால் சூடேறும். 6எக்ஸோடு கம்ப்ரஷன் எட்டரைக்குப் பக்கம் நிற்கிறது. மலையேற்றத்திலும் ஆகஸ்டு வெயிலிலும் ஒரு தட்டல் இல்லை. கண்காட்சியில் நடுவர்கள் இதைப் பார்த்ததும் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள், கழிக்கட்டும். இந்த இன்ஜினில் எனக்கு ஒரு நாளும் தொல்லை தராத பாகம் எது என்று கேட்டால், வேறு வண்டியிலிருந்து வந்த இந்த இரண்டு ஹெட்டுகள்தான்.

தொல்லை தந்தது பிறப்போடு வந்த கிராங்க், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு. சரியாகச் சொன்னால் கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் சீல்.

அந்தக் காலத்தில் பல நிறுவனங்களைப் போலவே போண்டியாக்கும் அங்கே வைத்தது ஒரு கயிறு. கிராஃபைட் ஏற்றிய ஆஸ்பெஸ்டாஸ் திரி. பிளாக்கில் பாதி, கிராங்க்கைக் கீழிருந்து தாங்கும் மெயின் கேப்பில் பாதி என்று பள்ளத்தில் திணித்து, உருட்டி அமுக்கி, முனையை மட்டமாக வெட்டிவிடுவார்கள். கிராங்க்கில் கயிறு உரசும் இடத்தில் மெல்லிய சாய்வுக் கோடுகள் இருக்கும். வெளியேறப் பார்க்கும் எண்ணெயை உள்ளே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. கயிறும் கோடும் சேர்ந்து வேலை செய்த ஏற்பாடு அது, அந்தக் காலத்துக்குப் பழுதில்லாத யோசனை. ஆஸ்பெஸ்டாஸ் போனதும் அந்த ஜோடி உடைந்துவிட்டது. பிறகு வந்த கயிறுகளில் பல கருகிச் சுருங்குகின்றன. ரப்பர் உதடு வைத்த நவீன சீலைப் போட்டாலோ, கிராங்க்கில் இருக்கும் அந்தக் கோடுகள் அரம் போல அதை அராவிவிடுகின்றன.

என் இன்ஜினைக் கட்டிய மெஷின் ஷாப் மற்ற எல்லா வேலையையும் நன்றாகவே செய்தது. சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது அளவுக்குக் கடைந்தார்கள். உடையும் பேர் வாங்கிய பழைய வார்ப்பு ராடுகளை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைப்பவை) தூக்கிப் போட்டுவிட்டு ஃபோர்ஜ்டு ராடு வைத்தார்கள். வாட்டர் பம்ப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டை பம்ப்பின் உள்விசிறியோடு ஒட்டி நிற்கும்படி தட்டிச் சரிசெய்தார்கள். அதனால் போக்குவரத்து நெரிசலிலும் ஊசி ஏறுவதில்லை. சீலில் மட்டும் கோட்டை விட்டார்கள். முதலில் கயிறு. ஒரு குளிர்காலம் நின்று எடுத்தபோதே இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல்ஹவுசிங் அடியில் ஈரம். அடுத்து நவீன உதடு சீல். "கோடு இருந்தா பரவாயில்ல, நாங்க எத்தனையோ போட்டிருக்கோம்" என்றார்கள். அந்தக் கோடைகாலத்தைக்கூடத் தாங்கவில்லை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் அடி, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள வேலி கவர், கேம்ஷாஃப்ட்டின் பின் அடைப்பு, ஆயில் பேன் மூலை என எங்கே கசிந்தாலும் அது பின்பக்கமாக வழிந்து, பெல்ஹவுசிங்கில் வந்துதான் சொட்டும். எல்லாரும் உடனே சீலைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் எண்ணெயில் சாயம் கலந்து, புறஊதா விளக்குப் பிடித்துப் பார்த்த பிறகுதான் சீல் என்று உறுதி செய்தேன். அதற்குப் பிறகே இன்ஜினை இறக்கச் சம்மதித்தேன்.

இந்த முறை வேறு ஒரு ஷாப். கிராங்க்கை வெளியே எடுத்து, கோடுகள் மறையும்வரை அந்த இடத்தை மெருகேற்றினார்கள். சூடு தாங்கும் விட்டான் ரப்பரில் இரண்டு துண்டு சீல், முனைகள் கேப்பின் பிளவுக்கு நேராக வராமல் சற்றுத் தள்ளி, சந்தில் ஒரு பொட்டு சீலன்ட். இதுவரை தரை காய்ந்தே இருக்கிறது. முதல் தடவையே இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை. மெருகேற்றுவது பெரிய செலவே இல்லை. அதற்காக இன்ஜினை இறக்கி ஏற்றுவதுதான் செலவு.

வேறு 400-ஐப் போட்டு ஓட்டிவிட்டு இதை ஸ்டாண்டில் வைத்துவிடு என்று பலர் சொன்னார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்த இலக்கங்களை என் கையால் துடைத்து எடுத்த பிறகு எனக்கு அது முடியவில்லை. சொந்த இன்ஜின் என்று தெரிந்துவிட்டால் அதன் குறைகளும் உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன. விளம்பரத்தில் எண் பொருந்தும் என்று கூடுதல் விலை கேட்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இன்ஜினுக்கு அநியாயம் செய்தவனாவேன். 1968-இல் சொன்ன கணக்கு 3,000 சுற்றில் 445 பவுண்டு-அடி டார்க். என் ஹெட்டுகளோடு அது கொஞ்சம் குறைந்திருக்கும், பரவாயில்லை. டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூ சிக்னலில் பச்சை விழுந்ததும் பெடலைக் கால்வாசி அமுக்கினால் போதும். நாலு பேரல் குவாட்ராஜெட் கார்ப்பரேட்டரின் சின்ன முன் பேரல்கள் இரண்டிலேயே வண்டி சத்தமில்லாமல் பாய்ந்து போகும். முழுக்க அமுக்கினால் பின் பேரல்கள் திறந்து அடிவயிற்றில் இருந்து ஒரு உறுமல். சுற்றைக் கூட்டாமலே இழுக்கும் அந்தப் பலம் இன்றைய சின்ன டர்போ இன்ஜின்களில் எனக்குக் கிடைத்ததே இல்லை. அந்தத் தெருவில் இந்த இன்ஜினை ஓட்டுகிற நாளில் என்னிடம் கேட்டிருந்தால் எந்த விலைக்கும் வாங்கச் சொல்லியிருப்பேன்.

இன்று கேட்டால், ஓட்டத்துக்காக வாங்குகிறவர் ஒரிஜினல் இன்ஜினுக்கு ஒரு டாலர்கூடக் கூடுதல் தர வேண்டாம் என்றே சொல்வேன். வேறு 400 போட்ட, நன்றாகக் கட்டிய ஜிடிஓ விலையும் குறைவு, மனசும் லேசு. அதிலும் வார்ப்பு எண் 500557 என்றால் விட்டுவிடுங்கள். எழுபதுகளின் பின்பாதியில் எடை குறைத்து வார்த்த அந்த பிளாக்கின் அடிப்பகுதி மெலிசு, பலத்தை ஏற்றிக் கட்ட ஆகாது.

அதையும் மீறிச் சொந்த இன்ஜின்தான் வேண்டும் என்றால், முன்பணத்துக்கு முன்னால் படம் கேளுங்கள்: இரண்டு எழுத்து, பின்பக்க வார்ப்பு எண்ணும் தேதியும், டைமிங் கவர் ஓரத்து இலக்கம், ஃபயர்வால் தகடு. எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் மட்டும் நேரில் போங்கள். பின் சீல் புதிது என்று சொன்னால், கிராங்க்கை வெளியே எடுத்து மெருகேற்றினார்களா என்று கேட்டு, அதற்கு ஷாப் பில்லையும் கேளுங்கள். பில் இல்லையென்றால், இன்ஜினை ஒரு தடவை இறக்கி ஏற்றும் கூலியை விலையில் கழித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.