கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம்: குடியேற்ற வக்கீல் ஆலோசனை, என் அனுபவம்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று ஏன் குறைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வக்கீல் பெயரோ ஊரோ போடப் போவதில்லை, சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் என் தலை மட்டும் உருளவில்லை.

எனக்குத் தம்பி மாதிரி ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். சிட்டிசன் பெண் ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருட கிரீன் கார்டு வாங்கியவன். திடீரென்று ஒரு நாள் போன். "அண்ணே, ஒரு சின்ன உதவி. நாங்க ரெண்டு பேரும் குடும்பமா இருக்கறதை நீங்க பார்த்திருக்கீங்கன்னு ஒரு லெட்டர் வேணும். நானே டைப் பண்ணி அனுப்பிடறேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்." அந்தப் பெண்ணை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் போட்டோவில். "டேய், இது நிஜக் கல்யாணம்தானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேப்பருக்குத்தாண்ணே" என்றான்.

மறுக்கவும் மனசில்லை, போடவும் கை வரவில்லை. சரி, தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், காசு போனால் போகட்டும் என்று குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். கட்டணத்தை முன்பே கட்டிவிட வேண்டும். இந்த விமர்சனம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

உட்கார்ந்ததும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது. "நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" நான் தம்பி கதையை ஆரம்பிக்க, பேனாவை மூடி வைத்துவிட்டார். "உங்களைப் பற்றி மட்டும் பேசுவோம். அவர் விஷயம் பேச வேண்டுமென்றால் அவரே வர வேண்டும், அதுவும் தனியாக. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வக்கீலிடம் பேசியது ரகசியம் என்ற பாதுகாப்பே போய்விடலாம், நாளைக்கு உங்களையே சாட்சியாகக் கூப்பிடலாம். அவருக்கு நல்லது உங்களுக்குக் கெட்டதாக இருக்கலாம், அதனால் உங்கள் இருவருக்கும் நானே வக்கீலாக இருக்கவும் முடியாது." எழுதும் அட்டையில் என் பெயரைத் தவிர அவர் எதுவும் எழுதவில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் இப்படிப் பேசுகிற ஆளிடம்தான் இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல முடியும் என்றும் தோன்றியது.

என் கையெழுத்துக்கு வருவோம். அந்த லெட்டர் சாதாரண நற்சான்றிதழ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்தே கொடுக்கிற வாக்குமூலமாம். பொய் சத்தியத்துக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 5 வருடம் வரை சிறை. அது போக, ஏமாற்றுவதற்குத் துணை போன சதி என்று தனியாகவும் சேர்க்கலாம். "உதவி என்று அவர் சொல்கிறார், சட்டத்தில் அதற்குப் பெயர் வேறு" என்றார் வக்கீலம்மா. போடாதீர்கள் என்று அவர் நேரடியாகச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அதை விட எனக்குப் பயன்பட்டது அடுத்து அவர் சொன்னது. தம்பி அனுப்பிய மெசேஜ்களை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். ஏதோ புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்ட நினைப்பு எனக்கு. "ஒன்றையும் அழிக்காதீர்கள், அழிப்பதே தனிக் குற்றமாகலாம். பதிலும் எழுதிக்கொண்டே போகாதீர்கள்." காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

மீதி நேரத்தில் பொதுவாகக் கேட்கிறேன் என்று சொல்லி நிறையக் கேட்டேன், அவரும் பொதுவாகவே பதில் சொன்னார். நம்மவர்கள் பேச்சில் புழங்குகிற பாதி விஷயம் தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில், எது பொய்க் கல்யாணம்? தோற்றுப்போன கல்யாணமெல்லாம் பொய்க் கல்யாணம் ஆகாது. கல்யாணம் செய்துகொண்ட நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று நினைத்தார்களா, அதுதான் கேள்வி. ஆறே மாதத்தில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்கூட உண்மையாகவே கட்டிக்கொண்டவர்களாக இருக்கலாம். இது தெரியாமல், விவாகரத்து ஆனாலே டிப்போர்ட் செய்துவிடுவார்கள் என்று பயந்து, அடிக்கிற ஆளோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி இருக்கிறது: விவாகரத்து ஆனவர், கொடுமைக்கு ஆளானவர், இரண்டு வருடக் கார்டை நிரந்தரமாக்கக் கேட்கும் ஐ-751 மனுவைத் துணையின் கையெழுத்து இல்லாமலே போடலாம், உண்மையான எண்ணத்தோடுதான் மணந்தேன் என்று காட்டினால் போதும். இந்த ஒரு பத்தியையாவது யாராவது ஒரு பெண் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மறுபக்கம், பதிவு அலுவலகத்தில் முறையாகக் கையெழுத்துப் போட்டாயிற்று, கல்யாணம் செல்லும், அப்புறம் என்ன என்பவர்களும் உண்டு. அந்த வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953-லேயே லுட்வாக் வழக்கில் ஒதுக்கிவிட்டது. சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் நாட்டுக்குள் வருவதற்காக நடத்திய சடங்கு என்றால், அது சடங்காகச் செல்லுமா செல்லாதா என்பது பொருட்டே இல்லை.

இரண்டு வருடக் கார்டு என்ற ஏற்பாடு வந்தது 1986 சட்டத்தில். கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் நிபந்தனைக் கார்டுதான், அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும். தம்பிக்கு என் கையெழுத்து தேவைப்பட்டது இந்த மனுவுக்குத்தான். குடியேற்றச் சட்டத்தை ஏமாற்றத் தெரிந்தே கல்யாணம் செய்தால் 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதும் அதே சட்டம் கொண்டுவந்தது. இந்தத் தண்டனை வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட சிட்டிசனுக்கும் சேர்த்துத்தான். பாவம், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அவள் போட்டுக் கொடுத்த பொருளாதார ஆதரவுப் பத்திரம், ஐ-864, விவாகரத்தோடு முடிவதில்லை. அவன் சிட்டிசன் ஆக வேண்டும், அல்லது சட்டப்படி 40 காலாண்டு வேலைக் கணக்கு சேர வேண்டும், அல்லது நாட்டை விட்டு ஒரேயடியாகப் போக வேண்டும், அல்லது இரண்டு பேரில் ஒருவர் சாக வேண்டும். அதுவரை அவள் தலையில்தான்.

சிறையை விடப் பயப்பட வேண்டியது குடியேற்றச் சட்டத்தின் 204(சி) என்கிற பிரிவு என்றார். குடியேற்றச் சலுகைக்காகப் பொய்க் கல்யாணம் செய்தவர், செய்ய முயன்றவர், அதற்குச் சதி செய்தவர் என்று அதிகாரிகள் முடிவுக்கு வந்துவிட்டால், அதற்கப்புறம் அந்த ஆளுக்காக யார் மனுப் போட்டாலும் ஏற்கக் கூடாது. பின்னால் உண்மையாகவே காதலித்துக் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றாலும் சரி, பெரிய கம்பெனி வேலை கொடுத்து மனுப் போட்டாலும் சரி. இதற்குக் கோர்ட்டில் குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றில்லை, கோப்பில் வலுவான ஆதாரம் இருந்தாலே போதும். இந்தத் தடைக்குக் கால வரம்பு கிடையாது, இதை நீக்க மன்னிப்பு மனுவும் கிடையாது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பூவார்ஃபா தீர்ப்பில் வருவதும் இப்படிப்பட்ட குடும்பம்தான். கணவருக்கு மனைவி போட்ட மனு முதலில் ஏற்கப்பட்டது. கணவருடைய பழைய கல்யாணம் பொய் என்று அதிகாரிகள் சொல்லி, கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். அப்படித் திரும்பப் பெறுவது அதிகாரிகளின் விருப்ப அதிகாரம், அதில் கோர்ட் தலையிட முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, சிட்டிசன் ஆகிவிட்டால் தப்பித்துவிடலாமா என்று கேட்டேன். இல்லையாம். கிரிமினல் வழக்குக்குப் பொதுவாக 5 வருட வரம்பு உண்டு. ஆனால் குடியுரிமையைப் பறிக்கப் போடும் சிவில் வழக்குக்கு வரம்பே இல்லை. அதோடு ஒவ்வொரு புது மனுவிலும் பழைய பொய்யையே திரும்பச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் புதுக் குற்றம். ஐ-751-ல் ஒரு தடவை, குடியுரிமை கேட்கும் என்-400-ல் ஒரு தடவை, இன்டர்வியூவில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து இன்னொரு தடவை.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருப்பது கொஞ்சம்தான், அதையும் சர்க்கரை தடவாமல் சொன்னார். பொய்யை மேலே மேலே அடுக்குவதை நிறுத்துவது முதல் வேலை. அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் வைத்திருக்கும் முழுக் கோப்பையும் தகவல் உரிமை மனுப் போட்டு வாங்கிப் படிப்பது அடுத்தது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது. நாடுகடத்தலைத் தவிர்க்க, குடியேற்ற நீதிபதி முன்னால் மட்டும் கேட்கக்கூடிய ஒரு மன்னிப்பு 237(ஏ)(1)(ஹெச்) பிரிவில் இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்று யாராவது ஒருவர் சிட்டிசனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். கொடுப்பதும் கொடுக்காததும் நீதிபதி இஷ்டம். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்பவருக்குப் புகலிடம் கேட்க 204(சி) தடையில்லை. கார்டைத் தானாக ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவதும் ஒரு வழிதான், ஆனால் அது பழசைத் துடைத்துவிடாது, மறுபடி வர நினைக்கும்போது அந்தக் கோப்பு காத்துக்கொண்டிருக்கும். ஒன்றும் செய்யாமல் இருந்தால்? ஐ-751 போடாவிட்டால் நிபந்தனைக் கார்டு தானாகவே காலாவதியாகி, நாடுகடத்தல் கோர்ட்டுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வரும்.

தம்பி இதுவரை நம்பியிருந்த ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வக்கீல் கிடையாது, பாரம் நிரப்பித் தரும் கன்சல்டன்ட். வக்கீலை விட மலிவு, போனை உடனே எடுப்பார், "கவலையே படாதீங்க, நான் எத்தனையோ பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்பார். ஒரே நாளில் நாலு சட்டை மாற்றி நாலு இடத்தில் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னதும், நண்பர்களிடம் லெட்டர் வாங்கச் சொன்னதும் அந்த மகராசன்தான். தம்பி அனுப்பிய பழைய பாரத்தின் நகலைப் பார்த்தேன். பாரத்தைத் தயாரித்தவர் யார் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது வெள்ளையாகக் கிடந்தது. நிரப்பியது அவர், காசு வாங்கியதும் அவர், மாட்டினால் கையெழுத்து இருப்பது தம்பியுடையது மட்டும். உங்கள் பாரத்தில் அந்த இடத்தை முதலில் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தவர் அங்கே பெயர் போட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்காக ஆஜராகிறவர் வக்கீலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் அங்கீகரித்த பிரதிநிதியாக இருக்க வேண்டும். அந்தந்த மாநில வக்கீல் சங்கத்தின் (பார்) தளத்தில் பெயரைத் தட்டினால் லைசன்ஸ் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? பிரிவு எண்களை மந்திரம் மாதிரி ஓட்டினார், மூன்று தடவை நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தருவார்கள் என்று நினைத்தேன், தரவில்லை. அப்புறம் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் பதில், அதுவும் ஒரே வரி. பயந்து போய் வருகிற ஆளுக்கு ஒன்பது நாள் ரொம்ப நீளம்.

தம்பிக்கு லெட்டர் தர முடியாது என்று நான் போனில்தான் சொன்னேன். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் அவனே, "அண்ணே, நான் யாரைப் பார்க்கறது?" என்று கேட்டான். என் வக்கீல் அவனை எடுக்க மாட்டார் என்பதால் வேறொருவரைத் தேடிப் பிடித்தான். அந்த வக்கீல் முதல் நாளே சொன்னாராம், "நடந்ததை எல்லாம் என்னிடம் சொல்லலாம், வெளியே போகாது. இனி நடக்கப்போகிற பொய்க்கு மட்டும் என்னிடம் உதவி கேட்காதீர்கள்." அவனுடைய கோப்பு வந்து சேர்ந்துவிட்டது, அறுநூற்றுச் சொச்சம் பக்கம். வியாழக்கிழமை மறுபடி போகிறான். நானும் வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், தனியாகத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.