சப்பாத்தியா, கேப்பையா, பேலியோவா, கால் தட்டுச் சோறா? நம்ம கடற்கரைச் சுகர்காரர்களுக்கு எது ஒத்துவரும்

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோரமாக எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் "சீனி போடாம ஒண்ணு" என்று ஒரு குரல் கேட்கும், அதே ஆள் அடுத்த நிமிஷம் ரெண்டு பருப்பு வடையை எடுத்துத் தாளில் வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டிருப்பார். அவருக்கு யாரும் புத்தி சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். மாத்திரை 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது, யோசனை அதற்கு முன்னாலிருந்தே நாலு பக்கமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. டாக்டர் சப்பாத்தி என்பார், மாமியார் கேப்பைக் (கேழ்வரகு) கூழ் என்பார், மச்சான் சோற்றையே விட்டுவிட்டு மீன், முட்டை என்று சாப்பிடும் பேலியோ என்பார், சத்துணவு ஆலோசகர் ஒரு தட்டுப் படத்தை நீட்டுவார். இந்த நாலில் சொல்வது ஒன்று, காதில் விழுவது ஒன்று, இலையில் வந்து சேர்வது இன்னொன்று. அந்த மூன்றாவதை வைத்துத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

முதலில் சப்பாத்தி. டாக்டர் சொல்வது "சோற்றைக் குறைங்க, ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி போதும்". வீட்டுக்கு வந்து சேரும்போது "குறைங்க", "ரெண்டு", "போதும்" மூன்றும் உதிர்ந்துபோய் சப்பாத்தி மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் சுகருக்கு மருந்து என்ற பெயரோடு. மருந்துதானே, நாலு சாப்பிட்டால் என்ன, தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா வைத்தால் என்ன? கணக்கைப் பாருங்கள். சுமார் 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. ஒரு கப் சோற்றில் 45 கிராம் பக்கம். நாலு சப்பாத்தி ரெண்டு கப் சோற்றை நெருங்கிவிடும், குருமா தனி. 2025-ல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அந்த மொத்தத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் சப்பாத்தியை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். அதை எண்ணலாம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை, "இன்னும் கொஞ்சம் போடவா" என்று கேட்பதற்குள் கரண்டி கவிழ்ந்துவிடும். சப்பாத்தியில் இன்னொரு சங்கடமும் உண்டு, இதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதில்லை: சுகர் ஆம்பளைக்கு என்றால் வீட்டில் ராத்திரி தனியாக மாவு பிசைவார்கள், சுகர் அந்த வீட்டு அம்மாவுக்கே என்றால் தனக்காக மட்டும் யார் அடுப்பைப் பற்றவைப்பது? எல்லோரும் சாப்பிட்டபிறகு பானையில் கிடக்கும் சோற்றை வீணாக்க மனசில்லாமல் அவரே சாப்பிட்டு முடிப்பார். அவருடைய சீட்டிலும் சப்பாத்தி என்றுதான் எழுதியிருக்கும்.

கேப்பை, கம்பு கட்சிக்கு வருவோம். நார்ச்சத்து அதிகம், கேப்பையில் கால்சியம் ஏராளம், சந்தேகமில்லை. ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்கும் கேப்பைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து சுகர் சட்டென்று ஏறும். காலையில் ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு "நான் அரிசியே தொடறதில்லை" என்பவர்களுக்கு ரிப்போர்ட் வரும்போதுதான் குழப்பம். ஒரு டம்ளரோடு நிறுத்தினால் நல்ல சாப்பாடு.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது கருப்பட்டி. பனைமரம் நிறைந்த மாவட்டம், நம் ஊர்ப் பொருள், அதனால் சுகருக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் கருப்பட்டியிலும் பெரும்பங்கு, கொஞ்சம் தாது உப்பு கூடுதல், அவ்வளவுதான். சீனி போடாத டீ கேட்கிறவர் வீட்டில் கருப்பட்டிக் காபி குடித்தால் கணக்கு நேராகிவிட்டது. பதநீரும் இனிப்புதான், வெயிலுக்கு நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடிக்க முடியாது. இளசான நுங்கு ரெண்டு மூணு பரவாயில்லை.

பேலியோ பற்றி நீட்டப்போவதில்லை. மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தினால் சுகர் இறங்கும், அது உண்மை. மீனும் முட்டையும் தேங்காயும் கிடைக்கிற ஊரில் ஆரம்பிப்பதும் சுலபம். ஆனால் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சுகர் ஆபத்தாக இறங்கும், டாபாகிளிபிளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தில் அமிலம் கூடிப்போகும் ஆபத்து உண்டு, கிட்னி பழுதானவருக்கு அவ்வளவு புரதம் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாத ஒரே வழி இந்த நாலில் இதுதான். அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த 61 நாளும் வீட்டில் உறுதியாக இருப்பது ரேஷன் அரிசி. மச்சானின் பேலியோ அதோடு முடிந்துவிடும்.

கடைசியாகத் தட்டுப் படம். பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது முட்டை, பருப்பு. நாலில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் தனியாகச் சமைக்க வேண்டாம், ஒரே பானை, ஒரே குழம்பு, போடுகிற அளவு மட்டும் மாறுகிறது. ஆனால் படத்தில் தட்டு தட்டையாக இருக்கிறது, நம் தட்டில் சோறு மலையாக இருக்கிறது. கால்வாசி இடத்தில் குவித்து நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினால் அந்தக் காலே ரெண்டு கப். தங்கச்சிமடத்தில் என் சின்னம்மா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்: குழம்புக் கிண்ணம் ஒன்றை எடுத்துச் சோற்றை நிரப்பி, விரலால் விளிம்போடு வழித்துவிட்டுத் தட்டில் கவிழ்ப்பார், கிண்ணத்தை உடனே கழுவிக் கவிழ்த்தும் விடுவார். "கிண்ணம் கழுவியாச்சு, இனிமே கேக்காத" என்பார் சித்தப்பாவிடம். சப்பாத்தியை எண்ணுகிற வசதி இப்படிச் சோற்றுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும் வரிசையும் தலைகீழ்: முருங்கைக்கீரையும் சாளைமீனும் முதலில், சோறு கடைசியில். அப்படிச் சாப்பிட்டால் சுகர் ஏறுவது மட்டுப்படுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

இதன் பலவீனம் அந்தப் பாதித் தட்டுக் காய். வானம் பார்த்த பூமி, காய்கறி பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும், பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் வரும்போது இன்னும் விலை. பீன்ஸ், ப்ரோக்கோலி என்று படம் போட்டுத் தருபவர்கள் கொல்லையில் காய்க்கும் முருங்கையையும் சுரைக்காயையும் போட்டுத் தந்தால் என்னவாம். மீனுக்கும் ஒரு குறிப்பு: குழம்பில் போட்ட மீன் வேறு, எண்ணெயில் முறுகப் பொரித்தது வேறு, பிரஷர் உள்ளவருக்குக் கருவாடு வேறு சங்கதி, அத்தனையும் உப்பு. நோன்பு மாதத்தில் கீழக்கரையில் நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், சமோசா என்று வரும்போது தட்டுப் படம் வாயைத் திறக்காது. கஞ்சியைச் சோற்றுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை நேரத்தை நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படகில் போகிறவருக்கு நாலுமே உதவாது. ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகு கிளம்பினால் மறுநாள்தான் கரை, வலை இழுத்து முடித்தபிறகுதான் சாப்பாடு, அது எப்போது என்று கடலுக்குத்தான் தெரியும். மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், கூட இருப்பவர்கள் தண்ணியடித்துவிட்டான் என்று நினைப்பார்கள். அவருக்கு எதைச் சாப்பிடக்கூடாது என்ற பட்டியலைவிட சட்டைப் பையில் ஒரு சீனிப் பொட்டலம் அவசரம்: மூணு டீஸ்பூன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, கால்மணி நேரம் பார்த்து, சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை, அப்புறம் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, படகைக் கரைக்குத் திருப்ப வேண்டியதுதான். "அண்ணே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்கவில்லை என்றால் நாமே சொல்லிவிட வேண்டும், வேலைக்குத் தகுந்த மாதிரி மாத்திரையை மாற்ற வழி இருக்கிறது.

கரையில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு சின்னம்மாவின் கிண்ணத்துக்கு. நம்ப முடியவில்லை என்றால் விரலில் குத்திப் பார்க்கும் மிஷினை எடுங்கள். ஒருநாள் நாலு சப்பாத்தி, இன்னொரு நாள் கீரை, மீனோடு ஒரு கிண்ணச் சோறு. சாப்பிட ஆரம்பித்து ரெண்டு மணி நேரம் கழித்துக் குத்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180-க்குக் கீழே இருக்க வேண்டும். எந்த நாளில் எவ்வளவு என்று காலண்டர் தாளில் எழுதிவையுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் நீட்டுங்கள்.