பி.எஃப். இல்லாதவர்களுக்கு பி.பி.எஃப். எப்படி?

கடை, டியூஷன், டிரைவிங் என்று சொந்தமாகப் பிழைப்பவர்களுக்கு மாதா மாதம் பி.எஃப். பிடித்து வைக்க முதலாளி கிடையாது. எனக்கும் அப்படித்தான், சின்னதாக ஒரு பிரிண்டிங் கடை. நம்மைப் போன்றவர்கள் வயசான காலத்துக்கு என்று முதலில் தொடங்க வேண்டியது பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குதான், மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடும் எஸ்.ஐ.பி. எல்லாம் அதற்கு அடுத்து. மியூச்சுவல் ஃபண்ட் ஆட்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

1968-இல் வந்த அரசுத் திட்டம், 15 வருஷத்தில் முதிரும். வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டணும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். வட்டி 7.1 சதவீதம். 2020 ஏப்ரலில் 7.9-இல் இருந்து இறக்கினார்கள், அதோடு சரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பு வரும்போதெல்லாம் ஏற்றுவார்களா என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆனால் இந்த வட்டிக்கு வரி இல்லை. எஃப்.டி.யில் 7 சதவீதம் கொடுத்தாலும் 30 சதவீத வரி கட்டுகிறவருக்குக் கையில் நிற்பது ஐந்துக்கும் கீழேதான். கட்டும் பணத்தை வரிக்கான வருமானத்தில் இருந்து கழித்துக்கொள்ளும் 80சி கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அது கிடையாது, வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை மட்டும் உண்டு.

கவுண்டரில் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் 5-ஆம் தேதி. அன்றைக்குக் கணக்கு முடிந்ததில் இருந்து மாதக் கடைசி வரைக்கும் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5-க்குப் பதில் 6-ஆம் தேதி போட்டால் ஏறக்குறைய 887 ரூபாய் போச்சு. வட்டியை மாதா மாதம் கணக்குப் போட்டாலும் பாஸ்புக்கில் ஏறுவது மார்ச் 31 தேதியிட்ட ஒரே வரியாகத்தான், அதனால் நடுவில் பார்த்துவிட்டு "என்னடா ஒன்றுமே ஏறவில்லை" என்று பதற வேண்டாம்.

ஒவ்வொரு ஏப்ரல் தொடக்கத்திலும் 12,000 போட்டால், இதே வட்டி நீடித்தால், 15 வருஷத்தில் நீங்கள் கட்டிய 1.8 லட்சம் சுமார் 3.25 லட்சமாகும். அன்றைய விலைவாசிக்கு அது எந்த மூலைக்கு? அதனால் இதை மட்டும் நம்பி இருக்கச் சொல்லவில்லை. முப்பது வயசில் இருப்பவர்கள் இது பழகின பிறகு ஒரு இண்டெக்ஸ் ஃபண்டிலும் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) போடட்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக சேவிங்ஸ் கணக்கில் இருக்கணும், ஏனென்றால் பி.பி.எஃப். கணக்கில் போட்டது அவசரத்துக்கு வராது. மூன்றாவது வருஷத்தில் இருந்து ஆறாவது வருஷம் வரை கடன் வாங்கலாம், ஏழாவது வருஷத்தில் இருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். என்னைக் கேட்டால் இந்தப் பூட்டுதான் இதன் பெரிய பலம். சீசன் டல்லடித்தால் கடை முதலுக்கு என்று சேமிப்பில் கை வைக்கிற நமக்கு இது தேவை. இன்னொன்று, கடன்காரர் கேஸ் போட்டாலும் கோர்ட் உத்தரவை வைத்து இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. வியாபாரிக்கு இது சின்ன விஷயமா?

திட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், நான் கணக்கு தொடங்கிய வங்கிக் கிளைக்கு ஒன்றரைதான். பி.பி.எஃப். ஃபாரம் கேட்டேன், "அதில் என்ன சார் வரும், இதைப் பாருங்க" என்று மேஜைக்கு அடியில் இருந்து ஒரு இன்சூரன்ஸ் பிளான் நோட்டீஸை எடுத்து நீட்டினார் ஆபீசர். பத்து வருஷம் கட்டினால் கேரண்டியாம், எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் ஃபாரம் வந்தது. பாஸ்புக் பிரிண்டர் அன்றைக்கும் ரிப்பேர், போன வாரமும் ரிப்பேர். நெட் பேங்கிங்கில் கணக்கு தொடங்கும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் கிளைப் பக்கமே போகாதீர்கள். நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 15 வருஷம் எண்ணுவது கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்ததில் இருந்து. முடிந்த பிறகும் பணம் கட்டித் தொடர வேண்டும் என்றால், ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம், ஆனால் முதிர்ந்த ஒரு வருஷத்துக்குள் அதற்கான ஃபாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் கட்டுகிற பணத்துக்கு வட்டி வராது.