இரும்பு உத்திரத்தில் கார்பன் துணி ஒட்டுகிறேன் என்று யாராவது வந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது பழைய கடைவீடு. அப்பா தோட்டத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டராக முப்பது ஆண்டுகள் உழைத்து, ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீடு. பின்கட்டில் மாடியின் மரத் தரையை இரண்டு இரும்பு உத்திரங்கள் தாங்குகின்றன. மாடிக் குளியலறையின் கசிவு அவற்றில் ஒன்றை வெகுநாளாக நனைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அடுப்பு மேடையில் துருத்தூள் கொட்டத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். உத்திரத்தின் அடிப்பட்டை ஏடு ஏடாக உரிந்திருந்தது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு குத்தகையாளர் வந்தார். வெல்டிங் வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம், விமானம் செய்கிற கார்பன் நார்த் துணியை எப்பாக்சிப் பசையில் ஒட்டினால் உத்திரம் புதியதைவிட உறுதியாகிவிடும் என்றார். 14,500 ரிங்கிட் கேட்டார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடலாம் என்றார். மேலே பலகைத் தரை இருக்கிறது, தீப்பொறி பட்டால் என்ன ஆவது என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தவன் நான். பணம் போனதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த முறை பொய்யானதன்று. அரித்துப்போன இரும்புப் பாலங்களைக்கூட இப்படி வலுப்படுத்தியிருக்கிறார்கள். பிரிட்டனில் இதற்கென்றே 2004-இல் வழிகாட்டி நூல் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததுதான் பொய்.

நவம்பர் மழையில் இரண்டு இளைஞர்கள் கம்பித் தூரிகையோடு வந்தார்கள். மேலாகத் தேய்த்தார்கள், தின்னர் நனைத்த துணியால் துடைத்தார்கள். பசையின் இரண்டு பாகங்களையும் தராசு இல்லாமல், கண்ணளவில், பெயின்ட் வாளியில் ஊற்றிக் கலக்கினார்கள். அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, கறுப்புத் துரு அப்படியே இருக்கிறதே, அதன் மேல் எப்படி ஒட்டும்?” என்று கேட்டார். “இந்தப் பசை துருவையும் தின்றுவிடும் ஐயா, கவலைப்படாதீர்கள்” என்று பதில் வந்தது. மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. உத்திரம் பளபளவென்று கறுப்பாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அப்பா ஏணியில் ஏறி ஐம்பது சென் காசால் உத்திரத்தை வரிசையாகத் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் கணீரென்றது. பல இடங்களில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்தது. முனையில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். துணி ஒரு முழ நீளத்துக்கு அப்படியே கையோடு வந்துவிட்டது. அதன் உட்புறம் முழுக்கத் துரு, மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. பசை துருவை நன்றாகத்தான் பிடித்திருந்தது. துருதான் இரும்பைப் பிடித்திருக்கவில்லை.

கான்கிரீட்டில் இப்படி ஒட்டினால் பெரும்பாலும் கான்கிரீட்தான் முதலில் பிளக்கும். இரும்பு பிளக்காது; அங்கே பலவீனமான இடம் பசைதான். அதனால்தான் மணல் வீச்சுப்போல் துகள்களைப் பாய்ச்சி, இரும்பு சாம்பல் வெள்ளையாகத் தெரியும்வரை சுத்தம் செய்யவேண்டும். ‘எஸ்ஏ இரண்டரை’ என்பது அந்தத் தரத்தின் பெயர். நம் ஊர் ஈரக்காற்றில் சுத்தமான இரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் பழுப்பேறிவிடும். ஆகவே உடனே பசை பூசியாகவேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் வேலையையே நிறுத்தவேண்டும். அடைமழையில் ஒட்டியவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும் செய்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.

அதோடு முடியவில்லை. உரிந்த துண்டைக் கத்தியால் வெட்டினேன். உள்ளே இழைகள் வெள்ளையாக இருந்தன. குத்தகையாளரைத் தொலைபேசியில் கேட்டபோது, “அது காப்புக்காக வைத்த அடுக்கு” என்றார். இது பாதி உண்மை. கார்பன் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் பேட்டரியைப்போல் வேலை செய்து இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். அதைத் தடுக்கத்தான் நடுவில் கண்ணாடி நார் வைக்கிறார்கள். ஆனால் அதன் மேல் கார்பன் இருக்கவேண்டுமே! கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும். அப்பா உப்புத்தாளால் துண்டைத் தேய்த்து, இழைகள் தெரிந்ததும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். முள் அசையவே இல்லை. முழுவதும் கண்ணாடி நார். கறுப்பு, பசையில் கலந்த சாயம்.

எஃகின் விறைப்பு, அதாவது இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் தன்மை, சுமார் 200 கிகாபாஸ்கல். வழக்கமான கார்பன் பட்டை 165-ஐ ஒட்டி வரும். கண்ணாடித் துணியும் பசையும் சேர்ந்தால் இருபதைச் சுற்றித்தான் நிற்கும். அந்த மெல்லிய துணி எங்கள் உத்திரத்தின் பாரத்தைச் சொல்லும்படியாகப் பகிர்ந்திருக்க முடியாது.

பிறகு ஈப்போவிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்தோம். ஒலி அலைக் கருவியால் தடிமனை அளந்தார். 12 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய அடிப்பட்டை சில இடங்களில் 8-ஆகத் தேய்ந்திருந்தது. “ஒட்டுவதற்கு முன் முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்கினார்களா?” என்று கேட்டார். இல்லை. பாரத்தை இறக்காமல் ஒட்டினால், ஏற்கெனவே இருக்கும் சுமையைத் துணி தாங்காது. பிறகு ஏறுவதில் மட்டுமே பங்கெடுக்கும். கீழே அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. சாதாரண வெப்பநிலையில் இறுகும் எப்பாக்சி 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் என்றார். இந்த இடத்துக்கு, உண்மையான கார்பன் பட்டையைக்கூடத் தான் பரிந்துரைக்கமாட்டேன், முட்டுக் கொடுத்துத் தகடு வைத்து போல்ட் செய்வதுதான் சரி என்றார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

ரசீதில் ‘உத்திரம் பழுதுபார்ப்பு’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. துணியின் வகை, பசையின் பெயர், சுத்தம் செய்யும் முறை எதையும் நான் எழுதி வாங்கவில்லை. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் அந்தக் குத்தகையாளர் பதிந்தவரா என்று தேடியதும் பணம் கொடுத்த பிறகுதான். அப்படிப் பெயரே இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் ஐந்து ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும்.

அவர் இந்த வட்டாரத்தில் இன்னும் வேலை எடுக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். உங்கள் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ கறுப்புத் துணி ஒட்டியிருந்தால், இன்றே காசால் தட்டிப் பாருங்கள். டப்பா ஒலி கேட்டால் முதலில் முட்டு வையுங்கள், அடியில் படுப்பவர்களை வேறு அறைக்கு மாற்றுங்கள், பிறகு பொறியாளரைத் தேடுங்கள். எங்கள் சமையலறையில் இப்போது இரண்டு இரும்பு முட்டுகள் நிற்கின்றன. உரிந்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.