மாதா கெபியைச் சுற்றி: நர்சரிப் பூக்களா, நாட்டுச் செடிகளா?

சென்னையில் எங்கள் பங்குக் கோயிலின் மாதா கெபியை, அதாவது மாதா சொரூபம் வைத்த குகை போன்ற அமைப்பைச் சுற்றியிருக்கும் மணல் நிலத்தைச் சீர்படுத்த, அன்பியங்கள் என்னும் பங்கின் சிறு குழுக்களிலிருந்து சில பேர் சேர்ந்திருக்கிறோம். கொரியன் புல் விரித்து, நடுவே அடுக்குச் செம்பருத்தி வைப்பது ஒரு யோசனை. தும்பை, ஆவாரை, எருக்கு, எலுமிச்சை, கறிவேப்பிலை என்று போவது இன்னொன்று.

பார்வைக்கு முதல் யோசனைதான். நட்ட மறுநாளே தோட்டமாகிவிடும். ஆனால் சித்திரை வெயிலில் புல்லுக்கு விடாமல் தண்ணீர் ஊற்றவேண்டும். ஆவாரை அந்த வெயிலைத் தாங்கும். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால் தேனீக்குக் கிடைப்பது சொற்பம். தரையைப் புல் மூடிவிட்டால், மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் தேனீக்களுக்கும் இடமில்லை.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கத் தச்சுத் தேனீ வரும். நாம் கருவண்டு என்கிறோமே, அதுதான். காய்ந்த மரக்கிளையில் துளைபோட்டுக் குடியிருக்கும் என்பதால், பட்ட கிளை ஒன்றை வெட்டாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

என் மனதை நாட்டுச் செடிப் பக்கம் திருப்பியது புழுக்கள். உண்ணிச்செடி வைத்தாலும் வண்ணத்துப்பூச்சி வரும், தேன் குடிக்கும். முட்டையிட வேறு செடி தேடிப் போய்விடும். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குக் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வேண்டும், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கு. இலை ஓட்டையானால் அங்கே ஒரு குடும்பம் வளர்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்தடிக்கக் கூடாது.

"பாழ்நிலத்துல முளைக்கிற எருக்கை மாதா முன்னாடியா வைக்கிறது?" என்று ஓர் அக்கா வருத்தப்பட்டார். அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டாலும் ஆபத்து, மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் ஓடியாடுகிற இடம். ஆகவே எருக்கு பின்சுவர் ஓரம் போகட்டும்.

சரி, கெபிக்கு முன்னால்? வெட்சி. இட்லிப்பூ என்று கேட்டால் நர்சரியிலேயே கிடைக்கும். நம் தென்னாட்டுச் செடி, வெட்டிவிட்டால் வரிசையாக நிற்கும். அதன் நீண்ட குழல் பூவில் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் எட்டும். திருவிழா அலங்காரத்துக்கும் குறையிருக்காது.

புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். போன முறை சுத்தம் செய்தபோது, தானாக முளைத்திருந்த தும்பையையெல்லாம் களை என்று பிடுங்கிவிட்டோம். இந்த முறை மண்வெட்டியைக் கையில் கொடுக்கும் முன்பே தும்பை எது என்று காட்டிவிட வேண்டும்.